மணிக்கு ஒரு பாஸ்புக்

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மளிகைச் செலவைப் பற்றி எழுதும்போது, எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் 'மணி' என்று தனிப் பக்கம் ஒன்று இருப்பதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மணி எங்கள் வீட்டு நாய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேஜைமேல் ஒரு கட்டு இருக்கின்றன. வாயில்லா ஜீவனை வீட்டில் வைத்துக்கொண்டு, திடீரென்று வைத்தியச் செலவு வந்து மாதக் கடைசியில் திணறியவர்கள் எழுதியவை. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டாலும் எனக்கு இன்னும் எல்லாம் வட ஆற்காடுதான். கடிதங்களும் அந்த மூன்று பக்கத்திலிருந்தும் வந்திருக்கின்றன. ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். கைக்கு 11,500 வரும். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டி, டீசல் போக 16,000 கொடுப்பார். 2 பிள்ளைகள். தை மாதம் பிள்ளைகள் தெருவில் கிடந்த குட்டி நாயைத் தூக்கி வந்தார்கள். போன மாதம் அதற்கு வாந்தி, ரத்த பேதி. பார்வோ என்ற தொற்றுநோய் என்றார் டாக்டர். 5 நாள் டிரிப்ஸ் போட்டு, மொத்தம் 7,800 ஆனது. பெரியவளின் பள்ளிக்கூட பீஸ் கவரிலிருந்து 2,800 எடுத்தேன். மிச்சம் 5,000 நூற்றுக்கு 5 வட்டிக்கு வாங்கினேன். குட்டி பிழைத்துவிட்டது. ஆனால் மாமியார், "நாய்க்குப் போயி கடன் வாங்குவாங்களா" என்று தினமும் சொல்கிறார். எங்கள் வரவு செலவை எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கே குறைப்பது, எப்படிச் சேர்ப்பது அக்கா?
– வாசகி, ஆம்பூர்

தங்கச்சி, குட்டி பிழைத்ததே பெரிய விஷயம். பார்வோ வந்து 2 நாளில் போய்விட்ட குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் தள்ளிப்போடாமல் ஓடியதால்தான் அது இன்று உங்கள் வாசலில் படுத்திருக்கிறது. மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அவர் நாயை வேண்டாம் என்று சொல்லவில்லை, கடனைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 5,000-க்கு மாதம் 250 வட்டி. வருஷத்துக்கு 3,000. முதல் அப்படியே நிற்கும். இந்தக் கடனை முடிக்கும்வரை, நாய்க்கென்று நான் கீழே சொல்லும் சின்னத் தொகையைத் தவிர வேறு எதையும் சேர்க்கத் தொடங்காதீர்கள். நீங்கள் மகளிர் குழுவில் இருக்கிறீர்கள் அல்லவா? குழுவில் உள்கடன் (குழுவின் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கொடுப்பது) கிடைக்குமா என்று இந்த வாரமே கேளுங்கள். பெரும்பாலும் நூற்றுக்கு 1 அல்லது 2 ரூபாய்தான் வட்டி இருக்கும். கிடைத்தால் வாங்கி, வெளிக்கடனை ஒரே அடியாக அடைத்துவிடலாம்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அப்படியே என் நோட்டில் எழுதிப் பார்த்தேன். வாடகை 5,000, மளிகையும் காய்கறியும் 7,500, பள்ளி பீஸும் வேனும் 3,000, ஆட்டோ தவணை 4,800, கேஸும் கரண்டும் 1,300, குழுக் கடன் 1,900. கூட்டினால் 23,500. வருவது 27,500. மிச்சம் 4,000 எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று எழுதிவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக, 'நாய்க்கு பிஸ்கெட் 4' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பென்சில் எழுத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. 5 ரூபாய் பாக்கெட் தினம் 4 என்றால் நாளைக்கு 20 ரூபாய், மாதத்துக்கு 600 ரூபாய். மைதாவும் சர்க்கரையும் அந்தக் குட்டியின் வயிற்றுக்கு எதுவும் செய்யாது. வடித்த சோற்றில் இரண்டு பிடி, அவித்த முட்டை ஒன்று, கறி எடுக்கும் அன்று கொஞ்சம் ஈரல் அவித்துப் போட்டால் போதும். உப்பு காரம் வேண்டாம், வெங்காயம் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பும் வேண்டாம், அது ஊசி ஊசியாக உடையும். முட்டைக்கு மாதம் 200 என்று வைத்தாலும் பிஸ்கெட்டில் 400 ரூபாய் மிஞ்சும். பிள்ளைகள் வயிற்றிலும் கை வைக்கவில்லை, பீஸ் கவரிலும் கை வைக்கவில்லை. அந்த 400-தான் உங்கள் நாய்ப்பணம்.

பிஸ்கெட்டையும் வட்டியையும் கழித்தால் மீதி 3,150 சில்லறையாகக் கரைகிறது. அதில் 1,700-ஐ மூன்று மாதம் சம்பளம் வந்த அன்றே ஒதுக்கினால், உள்கடன் கிடைக்காவிட்டாலும் 5,000 கையில் வந்துவிடும். பகுதி பகுதியாக முதலை வாங்கமாட்டார்கள் என்றால் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். கடன் முடிந்த அடுத்த மாதமே முதல் வேலையாகப் பெரியவளின் பீஸ் கவரில் 2,800-ஐத் திரும்ப வையுங்கள்.

ஏன் தனியாக வைக்கவேண்டும், மொத்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம்தான்.

மணிக்கு முன்னால் எங்களிடம் சிவப்பி என்று ஒரு பெட்டை நாய் இருந்தாள். 2011 மே மாதம், கத்திரி வெயில். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, உண்ணிக்கு அதைவிடப் பிடித்த காலம் கிடையாது. 27-ஆம் தேதி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். உடம்பு கொதித்தது. அப்போது நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் 31-ஆம் தேதி. என் பர்ஸில் 340 ரூபாய் இருந்தது. பீரோவில் என் மகளின் கல்லூரிப் பணம் இருந்தது, அதைத் தொட மனசில்லை. வெயிலுக்குச் சுணங்கியிருக்கிறாள், சம்பளம் வந்ததும் கூட்டிப்போகலாம் என்று விட்டுவிட்டேன். "நாய்க்கு இன்னாத்துக்கு ஊசி, தானா சரியாயிடும்" என்று என் அம்மாவும் சொன்னாள். 31-ஆம் தேதி சாயங்காலம் சம்பளத்தோடு வந்து அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு, உரித்த பூண்டு மாதிரி வெளுத்திருந்தது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் காதை மடித்துக் காட்டினார். உள்ளே உண்ணிகள் ரத்தம் குடித்து உப்பி, ஆமணக்கு விதை போல வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே போயிருக்கும்மா" என்றார். அந்த மாத்திரை முழுக் கோர்ஸும் 300 ரூபாய்க்குள்தான் இருந்திருக்கும். ஜூன் 2 காலையில் சிவப்பி போய்விட்டாள்.

பணமே இல்லாமல் இருந்திருந்தால் என்னை நான் மன்னித்திருப்பேன். பணம் இருந்தது, அதன்மேல் வேறு பெயர் எழுதியிருந்தது. அதனால்தான் மணி வந்த வாரமே தபால் ஆபீஸில் என் பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருந்ததை அவனுக்கென்று ஒதுக்கிவிட்டேன். வீட்டில் எல்லோரும் அதை 'மணி பாஸ்புக்' என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு உடம்பு முடியவில்லையென்றால் யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

எவ்வளவு சேர்ப்பது? என் நோட்டைத் திறந்து காட்டுகிறேன். தெரிந்த செலவு ஒரு வருஷத்துக்கு: கூட்டுத் தடுப்பூசி (பல நோய்களுக்கும் சேர்த்துப் போடுவது) 700, வெறிநோய் ஊசி 300, மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மாத்திரை 60 வீதம் 240, வெயில் காலம் 4 மாதமும் உண்ணி மருந்து 590 வீதம் 2,360. ஆக 3,600, மாதம் 300. எதிர்பாராத செலவு என்கிறோமே, அதையும் 4 வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். 2021-இல் ஒன்றும் இல்லை. 2022-இல் கோழி எலும்பு மாட்டிக்கொண்டு 4,300 (வேகவைத்த எலும்பு வேண்டாம் என்று மேலே சொன்னது சும்மா இல்லை). 2023-இல் காதில் சீழ், 900. 2024-இல் பைக் மோதிப் பின்னங்கால் முறிந்து 11,600. மொத்தம் 16,800. 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 350. எந்த நாளில் வரும் என்பது மட்டும்தான் தெரியாது, வருவது என்னவோ வந்துகொண்டேதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மாதம் 650. சாப்பாடு தனி. உங்கள் ஊர் டாக்டர், உங்கள் நாயின் எடை, இதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும்.

நீங்கள் பிஸ்கெட்டில் மிஞ்சிய 400-இல் தொடங்குங்கள். கடன் அடைந்த மாதம், இதுவரை வட்டிக்குப் போன 250-ஐயும் இதில் சேர்த்துவிடுங்கள். 650 ஆகிவிட்டது, பாருங்கள். அந்தப் பணம் போவதற்கு ஏற்கெனவே பழகிவிட்டது, கஷ்டம் தெரியாது. தீபாவளி போனஸ் வந்தால் அதிலிருந்து ஒரு 2,000 போடுங்கள்.

எங்கே வைப்பது? அஞ்சறைப் பெட்டியில் வைத்தால் அது அரிசி வாங்கப் போய்விடும். 1,500 மட்டும் ஒரு கவரில் போட்டு, மேலே நாயின் பெயரை எழுதி வீட்டில் வையுங்கள், ராத்திரி அவசரத்துக்கு. மிச்சத்தை நீங்கள் சம்பளம் வாங்கும் கணக்கு தவிர்த்து வேறொரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி. (மாதா மாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) நல்ல திட்டம்தான், மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். ஆனால் அது 5 வருஷத் திட்டம், 3 வருஷம் முடியாமல் மூடமுடியாது, 12 தவணைக்குப் பிறகு பாதியளவு கடன் மட்டும் எடுக்கலாம். அவசரச் செலவுக்கு அது சரிப்படாது. பேங்கில் 1 வருஷ ஆர்.டி. என்றால் நடுவில் உடைத்தாலும் வட்டியில் கொஞ்சம்தான் போகும். தயவுசெய்து பதிவில்லாத சீட்டிலோ, மாதம் நூற்றுக்கு இவ்வளவு தருகிறோம் என்று ஆசை காட்டும் ஆட்களிடமோ போடாதீர்கள். நம் மாவட்டங்களில் அப்படிப் போட்டு இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே தெரிந்திருக்கும்.

கடைசியாக ஊசி. தூக்கி வந்த வாரமே காட்டியிருந்தால் பார்வோவுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் ஒன்று, பிறகு 3, 4 வார இடைவெளியில் இன்னொன்று என்று போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று ஊசியின் செலவோடு அந்த 7,800-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். நோய் வந்து போய்விட்டதே, இனி எதற்கு என்று விடாதீர்கள். அந்த ஊசி வேறு நோய்களுக்கும் சேர்த்துத்தான். வெறிநோய் ஊசி தனி, 3 மாதத்தில் தொடங்கி வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும், விசாரித்து வையுங்கள். குட்டி பேதி போன இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ஊசி போடாத வேறு குட்டியை ஒரு வருஷத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பிள்ளைகளுக்கு அந்த நோய் ஒட்டாது, மாமியாரிடம் அதையும் சொல்லுங்கள். அப்புறம், ராத்திரி 9 மணிக்கு மேல் பார்க்கும் டாக்டர் யார், அவர் நம்பர் என்ன என்று இப்போதே கேட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் 24,000. என் மனைவிக்குச் சர்க்கரை, பி.பி. எங்கள் ரோசிக்கு 11 வயது. மார்பில் கட்டி, ஆபரேஷன் செய்யவேண்டும், 20,000-க்கு மேல் ஆகலாம் என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகள், "வயசான நாய்க்கு எதுக்குப்பா" என்கிறாள். மனைவி சாப்பிடாமல் அழுகிறாள். என்ன செய்ய?
– வாசகர், காட்பாடி

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 11 வருஷம் என்றால், நீங்கள் வேலையில் இருந்த காலத்தில் ராத்திரி டூட்டி முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் காத்திருந்தவள் அல்லவா அவள்.

பணத்தை முடிவு செய்யும் முன் டாக்டரிடம் கேட்கவேண்டியவை இருக்கின்றன. கட்டி நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா, எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? இந்த வயதில் மயக்க மருந்தை அவள் உடம்பு தாங்குமா, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது? ஆபரேஷன் செய்தால் எவ்வளவு காலம், அந்தக் காலத்தில் அவள் எப்படி இருப்பாள்? செய்யாவிட்டால் எப்படி இருப்பாள்? இந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். பரவவில்லை, மற்றபடி திடமாக இருக்கிறாள் என்றால் 11 வயது ஒரு தடையே இல்லை.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தனியாரோடு பார்த்தால் செலவு குறைவு, பெரிய டாக்டர்கள் பார்ப்பார்கள், கூட்டமும் இருக்கும். காலையிலேயே போய் நிற்கவேண்டும். ரயிலில் நாயைக் கொண்டுபோவது பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முதல் வகுப்பில் கூபே என்ற தனி அறையை முழுதாகப் பதிவு செய்யவேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்ப்பெட்டி. நோயாளி நாயை அந்தப் பெட்டியில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர் காரில் டீசல் போட்டுக்கொண்டு போங்கள். இங்கே எடுத்த ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துப்போனால் அங்கே மறுபடி எடுக்கும் செலவு மிஞ்சும்.

ஒரு வரம்பையும் நீங்களும் அம்மாவும் இப்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இவ்வளவு வரை செலவழிப்போம், அதற்குமேல் அவளை வலியில்லாமல் வைத்துக்கொள்வோம் என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு யாராலும் தொகை முடிவு செய்யமுடியாது. அம்மாவின் மருந்துப் பணத்தையும், அவர்களுக்கென்று வைத்திருக்கும் அவசரப் பணத்தையும் மட்டும் தொடாதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். கட்டி பரவிவிட்டது என்று தெரிந்தால், வலி மருந்தும் அவளுக்குப் பிடித்த சாப்பாடும் அம்மாவின் மடியும் போதும். வலி தாங்கமுடியாத நாள் வந்தால் டாக்டரே ஊசி போட்டுத் தூங்கவைப்பார். அதைச் செய்தவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். மகளிடம் பணம் கேட்காதீர்கள். ஒரு சனி ஞாயிறு வந்து அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பெட்டை நாய்க்கு முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் இந்த மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கருப்பையில் சீழ் பிடித்து ராத்திரியில் ஓடும் நிலையும் வராது. பெட்டைக்குட்டி வளர்ப்பவர்கள் சேர்க்கும் முதல் பணம் அதற்குத்தான் போகவேண்டும்.

பிளஸ் டூ முடித்த மகன் ஹஸ்கி நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 25,000-ஆம், தவணையில் வாங்கலாம் என்கிறான். வாங்கலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

வேண்டாம். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதி அது. மே மாதம் நாமே ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிற ஊரில் அதற்கு ஏ.சி. போட்டே தீரவேண்டும். கரண்ட் பில்லை விடுங்கள், பவர் கட் ஆன மத்தியானம் அந்த ஜீவன் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

நாய் மேல் அவனுக்கு உண்மையாகவே ஆசை இருந்தால் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம், நாய் வந்துவிட்டதாகவே நினைத்து, அதன் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்து மாதம் 2,500 தனியாக எடுத்து வையுங்கள். அதில் அவன் பங்கு எவ்வளவு என்று அவனே சொல்லட்டும். காலை 5 மணிக்கு எழுந்து தினமும் அரைமணி நடக்கட்டும். மூன்று மாதம் தாண்டினால் கையில் 7,500 இருக்கும், அவனுக்கும் பழகியிருக்கும். அப்போது நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்துக் கொடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஜாதிகளே இருக்கின்றன, அவற்றுக்கும் ஓடுவதற்கு இடம் வேண்டும். தெருவில் பிறந்த குட்டியே நம் வெயிலுக்கு எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும்.

இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். பொய்கை சந்தையில் வாங்கியது. ஒன்று போன வருஷம் மடிநோயில் படுத்து, 6,000 செலவு. மாட்டுக்கும் இப்படித் தனிக் கணக்கு வைக்கலாமா? நாய்க்கு இன்சூரன்ஸ் உண்டு என்கிறார்களே, மாட்டுக்கு?
– வாசகி, அணைக்கட்டு

மாடு உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது, அதனால் கணக்கு இன்னும் சுலபம். பால் பணம் வரும் ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 1 ரூபாய் அதன் பேரில் ஒதுக்குங்கள். இரண்டும் சேர்ந்து நாளைக்கு 12 லிட்டர் கறந்தால் மாதம் 360.

மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் போடுங்கள். அரசு மானியத்தில் போடும் திட்டம் இருக்கிறதா என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். போட்டதும் காதில் வில்லை மாட்டுவார்கள். அந்த வில்லைதான் எல்லாம். அது இல்லையென்றால் இழப்பீடு இல்லை. வேலியில் மாட்டி அறுந்து விழுந்தால் அன்றே தெரிவித்து வேறு வில்லை போடச் சொல்லுங்கள். மாடு இறந்துவிட்டால் உடனே தகவல் கொடுங்கள், டாக்டர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கும் முன் புதைத்துவிடாதீர்கள். அழுதுகொண்டே குழி தோண்டிவிட்டு, பிறகு ஒரு ரூபாய்கூட வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். மாட்டைக் கூட்டிப்போக முடியாத அவசரத்துக்கு 1962-க்குப் போன் செய்யுங்கள், வண்டியிலேயே டாக்டர் வருவார். கோமாரி ஊசி வருஷத்துக்கு இரண்டு முறை இலவசமாகப் போடுகிறார்கள், ஊருக்கு வரும் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாதீர்கள். 1932-லிருந்து நம் ராணிப்பேட்டையிலேயே கால்நடைகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கிறார்கள். பக்கத்து ஊரில் தயாராகும் மருந்து நம் மாட்டுக்குப் போய்ச் சேரவில்லையென்றால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நாய்க்கும் சில கம்பெனிகள் இன்சூரன்ஸ் தருகின்றன. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடைக்காது, தடுப்பூசி அட்டை சரியாக இருக்கவேண்டும், போட்ட உடனே எல்லாம் கிடைத்துவிடாது, கொஞ்ச நாள் காத்திருக்கவேண்டும். தெருநாய்க் கலப்புக்குத் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். விலை கொடுத்து வாங்கிய பெரிய ஜாதி நாய் என்றால் யோசிக்கலாம். எங்கள் மணிக்குப் பாஸ்புக்தான்.

நான் 7-ஆம் வகுப்பு படிக்கிறேன். என் பூனை பெயர் முத்து, ஆண். 1 வயது. தீபாவளிக் காசும் பாட்டி கொடுத்ததும் சேர்த்து உண்டியலில் 640 ரூபாய் வைத்திருக்கிறேன், முத்துவுக்காக. அப்பா, "பூனைக்கு யாராவது ஆஸ்பத்திரி போவாங்களா" என்று சொல்கிறார். நான் எதற்கு முதலில் செலவு செய்யட்டும்?
– வாசகி, சோளிங்கர்

கண்ணு, இந்தக் கடிதக் கட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் உன்னுடையது. கேட்கத் தெரிந்து கேட்டிருக்கிறாய்.

முதலில் வெறிநோய் ஊசி. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வெறிநோய் வரலாம். வந்துவிட்டால் மனிதரையும் காப்பாற்றமுடியாது. அப்பாவிடம் இதைச் சொல், அவரே உன்னைக் கூட்டிப்போவார். முதலில் அரசு கால்நடை மருந்தகத்தில் கேள், அங்கே இல்லையென்றால் வெளியில் போடு. அன்றைக்கே குடற்புழு மாத்திரையும் வாங்கிவிடு. இரண்டுக்கும் சேர்த்து 400-க்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். மிச்சத்தை உண்டியலிலேயே வை. முத்து உன்னைக் கடித்தாலோ நகம் கிழித்தாலோ மறைக்காதே. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள். அங்கே காசு கிடையாது.

பொங்கல் காசு வந்து 500 சேர்ந்ததும் அப்பாவோடு தபால் ஆபீஸுக்குப் போ. 10 வயது முடிந்த பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், தொடங்க 500 போதும். பாஸ்புக்கில் உன் பெயர்தான் இருக்கும், முத்து பெயரை அட்டைமேல் நீயே எழுதிக்கொள்.

ஆண் பூனை என்பதால் ஒன்றை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். முத்து மண்ணில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, சிறுநீர் வராமல் கத்தினால், அன்று பள்ளிக்கூடம் போனாலும் போகாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போகவேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. அப்போது உண்டியலை உடைக்கலாம், அதற்குத்தானே சேர்த்தாய். காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதே, பூனைக்கு அது விஷம்.

மருந்து எல்லாமே எடையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இருந்தால் முதலில் நீ மட்டும் ஏறு, பிறகு முத்துவைத் தூக்கிக்கொண்டு ஏறு, கழித்துப் பார். அடுத்த கடிதத்தில் அவன் எத்தனை கிலோ என்று எனக்கு எழுது.